மருந்துக்குக் கேளாத கிருமி: ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுத்தது சித்திதான். மாற்று அறுவை முடிந்த நான்காம் மாதம் சிறுநீரில் தொற்று வந்து, புதுச்சேரியில் சேர்த்திருந்தோம். சிறுநீரில் இருந்த கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதிக்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்று சொல்லிவிட்டுப் போக, நர்ஸ் அதைத் தமிழில் ‘எதிர்ப்பு இருக்கும்மா’ என்றார். சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. “எதிர்ப்பு சக்தி கூடக்கூடாதுன்னுதானே அத்தனை மாத்திரை குடுக்கறாங்க? இப்ப கூடிடுச்சா? கிட்னிய ஏத்துக்காதா?”

சித்தி கேட்டதில் தப்பே இல்லை. தப்பு சொல்லில் இருக்கிறது. உடம்பு கிருமியோடு போராடுவது நோய் எதிர்ப்பு. ஆன்டிபயாடிக் என்பது நுண்ணுயிர் எதிர்ப்பி. அந்த மருந்துக்குக் கிருமி மசியாமல் இருப்பதும் மருந்து எதிர்ப்பு. மூன்று வேறு ஆட்கள் செய்யும் மூன்று வேறு வேலைகளுக்கு ஒரே சட்டையை மாட்டியிருக்கிறோம். ‘எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு எதிர்ப்பிகளை எதிர்க்கும் கிருமிகளால் ஆபத்து’ என்று எழுதினால் இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. யாருக்குப் புரியும்?

வேரைப் பார்ப்போம். ‘ஆன்டி’, ‘பயோஸ்’ இரண்டும் கிரேக்கம்: எதிர், உயிர். ஓர் உயிர் இன்னோர் உயிரை அழித்துத் தான் வாழ்வதற்கு 1889இல் ‘ஆன்டிபயோஸ்’ என்று பெயரிட்டவர் பால் வில்மான் (Vuillemin) என்ற பிரெஞ்சுக்காரர். (புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) அதை மருந்துக்குரிய பெயராக 1940களின் தொடக்கத்தில் நிலைநிறுத்தியவர் செல்மன் வாக்ஸ்மன், காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அவருடைய ஆய்வகத்தில் பிறந்தது. ‘எதிருயிரி’ என்ற தமிழ்ச்சொல் இந்த வேரை அப்படியே பிடிக்கிறது. எனக்குப் பிடித்த சொல். ஆனால் மருந்துக்கடையில் கேட்டால் கடைக்காரர் விழிப்பார்.

‘ரெசிஸ்டன்ஸ்’ லத்தீன். ‘சிஸ்தெரே’ என்றால் நிற்றல், நிறுத்துதல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் எதிர்த்து நிற்றல். பாய்ந்து தாக்குவது இதில் இல்லை, விழாமல் நிற்பதுதான் இருக்கிறது. மின்சாரத்தில் இதே சொல்லுக்கு ‘தடை’ என்று அழகாகப் பிரித்துக்கொண்டோம். மருத்துவத்தில்தான் ‘எதிர்ப்பு’ என்று போட்டுக் குழப்பிவிட்டோம்.

இத்தனைக்கும் சரியான சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘ரெண்டு நாளா மாத்திரை போடறேன், காய்ச்சல் கேக்கல’ என்கிறோம். முந்திரித் தோப்பில் பண்ருட்டிக்காரர் ‘பூச்சி மருந்துக்குக் கேக்கல’ என்கிறார். கேட்டல் என்றால் காதால் கேட்பது மட்டுமா? அடங்குவதும்தான். சொன்ன பேச்சு கேளாத பிள்ளை மாதிரி மருந்து கேளாத கிருமி. மருந்து கேளாமை என்றே எழுதலாம். பழந்தமிழில் கேளிர் என்றால் உறவினர், கேளார் என்றால் பகைவர் என்பது கூடுதல் லாபம்.

‘தாங்குதிறன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். நுண்ணுயிரியலில் ‘டாலரன்ஸ்’ (மருந்துக்கு நடுவே வளராவிட்டாலும் சீக்கிரம் சாகாமல் தாக்குப்பிடிப்பது) என்று தனியாக ஒன்று இருப்பதால் அதை அதற்கே விட்டுவிடலாம்.

இன்னொரு தவறான பேச்சும் உண்டு: ‘உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு.’ பழகியது உடம்பு இல்லை. மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் செய்துகொண்டோ, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிட்டோ தப்பிப்பது கிருமி. அந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் மரபணுத் துண்டாகக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட நொதி ஒன்றுக்கு நியூ டெல்லியின் பெயரையே வைத்து, அதனால் பெரிய சர்ச்சையும் ஆனது. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே, அளவு குறைத்து மருந்து கொடுத்தால் கிருமி தேறிவிடும் என்று எச்சரித்திருந்தார்.

உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து? புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் போன்றவற்றால் நோய் எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கிறார்கள். சிறுநீர் வடிய வைக்கும் கதீட்டர் குழாய், சிறுநீர்க்குழாய் அடைக்காமல் உள்ளே வைக்கும் ஸ்டென்ட், பல நாள் வார்டு வாசம், திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்து கேளாத கிருமிக்கு இடம் கொடுக்கின்றன. மாற்றிய சிறுநீரகத்தில் நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் வலி பெரிதாகத் தெரியாது. காய்ச்சலும் மட்டாகவே இருக்கலாம். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும்போதே சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். மனைவி கொடுத்த கிட்னியைக் காப்பாற்ற அந்த ஊசியைப் போடுவதா என்று டாக்டரே யோசிக்க வேண்டியிருக்கிறது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். இவர்கள் கடையில் தானாக மாத்திரை வாங்கக்கூடாது என்பது இதனால்தான்.

சித்தியிடம் ரிப்போர்ட்டை விரித்துக் காட்டினேன். வரிசையாக மருந்துப் பெயர்கள். பக்கத்தில் ‘ஆர்’ போட்டிருந்தால் கேளாது, ‘எஸ்’ போட்டிருந்தால் கேட்கும். சித்தி விரல் வைத்து எண்ணினார். எஸ் மூன்று இருந்தது.

“அப்போ கிருமிதான் அடங்கமாட்டேங்குது, இவர் உடம்பு இல்ல.”

“ஆமாம் சித்தி.”

“அத மொதல்லயே அப்பிடிச் சொல்லித் தொலைச்சா என்ன?”