மாங்குரோவ்: சதுப்புநிலக் காடா, கண்டல் காடா?

ஆந்திரத்தின் கோரிங்கா மாங்குரோவ் காடு பற்றிய சுற்றுலாத் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தது. தெலுங்கில் 'மட அடவுலு' என்றிருப்பதைத் தமிழில் 'சதுப்புநிலக் காடுகள்' ஆக்கியிருக்கிறார்கள். ஆந்திர எல்லையூரான தடாவில் இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்த எனக்கு இது பொறுக்கவில்லை. எத்தனை முறைதான் இதையே படிப்பது?

மாங்குரோவ் என்றால் ஆறும் கடலும் கலக்கும் இடத்துச் சேற்றில், உப்புநீரில் வளரும் மரக்காடு.

சதுப்பு என்றால் நீர் தேங்கிய சேற்று நிலம். பள்ளிக்கரணை சதுப்பு, அங்கே கோரை உண்டு, சேற்றுக்கு மேல் நீண்டு காற்று வாங்கும் மூச்சுவேர் உண்டா? கோதாவரி முகத்துவாரத்துக் கோரிங்காவில் நாளுக்கு இருமுறை ஓதம், அதாவது கடல்நீர், ஏறி இறங்குகிறது. ஓதம் வடியும்போது சேற்றுக்கு மேல் தலைநீட்டும் வேரால்தான் அங்குள்ள வெண்கண்டல் மரம் மூச்சு விடுகிறது. அந்த வேர் மூழ்கியே கிடந்தால் மரம் பட்டுப்போகும். தேங்கிய நீர் கொல்லும் காட்டுக்குத் தேங்கிய நீரின் பெயரையா வைப்பது? இறால் பண்ணைக்குக் கரை போட்டு ஓடையை அடைக்கிறவர், "சதுப்புதானே, தண்ணீர் நிற்கத்தானே செய்யும்" என்றால் என்ன பதில் சொல்வோம்? பிச்சாவரத்தில் பட்டுக்கிடந்த திட்டுகளில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டுத்தான் காட்டை மீட்டார்கள். ஆற்றின் நன்னீர் குறைந்தாலும் கேடுதான்: உப்பு ஏறும், உப்பு தாங்கும் வெண்கண்டல் பெருகும், மற்ற மரங்கள் அருகும். மீன்பிடிப் பூனைக்கும் நீர்நாய்க்கும் அந்த ஓடைகள்தான் வீடு. மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவிட்டு ஒருநாள் படகில் போய்ப் பார்க்கட்டும்.

இந்தக் காட்டுக்குத் தமிழில் வழங்கும் இன்னொரு பெயரான 'அலையாத்தி' அவ்வளவு மோசமில்லை. அலையை ஆற்றுவது என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் கடல் மட்டும்தான் தெரிகிறது, ஆறு தெரியவில்லை.

கண்டல் நம்மிடம் உள்ள சொல். சங்கப் பாட்டில் 'கண்டல் வேலி' வருகிறது. மலையாளத்தில் இன்றும் கண்டல்காடுதான். தாவரவியலார் ஒரு மரப் பேரினத்துக்கு வைத்த 'கண்டேலியா'வும் அந்த மலையாளப் பெயரிலிருந்து போனதே. கண்டல் ஒரு மரத்தின் பெயராயிற்றே என்பார்கள். தெலுங்கு 'மட'யும் மரப்பெயர்தான். காட்டுக்கும் அதையே சொல்கிறார்கள், யாரும் குழம்பவில்லை. நாமும் முந்திரிக்காடு, சவுக்குக்காடு என்று சொல்கிறவர்கள்தாமே!

துண்டறிக்கையில் 'கண்டல் காடு' என்று போட்டாலே போதும். நம் தில்லை மரம் தெலுங்கர்களுக்கு 'தில்ல', சுரபுன்னை 'உப்புப்பொன்ன'. அங்கே போகும் தமிழர் இந்தப் பெயர்களைக் கேட்டதும் மரத்தைத் தாமே அடையாளம் கண்டுகொள்வார்.