உப்பு காட்டிக்கொடுத்த குழாய்

ஒரே தெருவில் ஒட்டியொட்டி இருக்கும் வீடுகள், ஆனால் இந்த வீட்டுக்கு ஒரு கம்பெனி தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு வேறு கம்பெனி தண்ணீர். 1854-இல் லண்டனின் தெற்கே கென்னிங்டன் பக்கம் இப்படித்தான் இருந்தது. முன்பு இரண்டு கம்பெனிகளும் போட்டி போட்டுக் குழாய் பதித்ததன் மிச்சம். அந்த வருடம் காலரா வந்தது.

லாம்பெத் கம்பெனி 1852-லேயே தேம்ஸ் ஆறு ஊருக்குள் வருவதற்கு முன்னே, தேம்ஸ் டிட்டன் என்ற இடத்தில் ஆற்றுநீரை எடுக்க ஆரம்பித்துவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனியோ ஊருக்குள்ளேயே, பேட்டர்சீயை விட்டு நகரவில்லை. அங்கே கடல் ஓதம் ஏறும், இறங்கும். ஊர்ச் சாக்கடையும் அதோடு சேர்ந்து போய்வரும். (புதிதாக வந்த ஃப்ளஷ் கக்கூஸ் வேறு, குழியில் கிடந்ததையெல்லாம் ஆற்றுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.)

காலரா தண்ணீரால்தான் பரவுகிறது என்று நினைத்த டாக்டர் ஜான் ஸ்னோ, சாவு விழுந்த வீடுகளுக்கு நடந்தே போய், எந்தக் கம்பெனி தண்ணீர் என்று கேட்டார். வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்குத் தெரியவில்லை, தண்ணீருக்குப் பணம் கட்டுவது வீட்டுக்காரர்தானே. சரி, தண்ணீரிடமே கேட்போம் என்று சின்னக் குப்பியில் பிடித்து சில்வர் நைட்ரேட் விட்டார். உப்பில் உள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்தால் கரையாத சில்வர் குளோரைடு ஆகிவிடும். டிட்டன் தண்ணீர் லேசாகக் கலங்கும், அவ்வளவுதான். பேட்டர்சீ தண்ணீர் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரளும். அவர் கணக்கில் ஒரு காலனுக்கு உப்பு டிட்டனில் 0.95 கிரெயின் (அந்தக் காலச் சின்ன எடை அளவு), பேட்டர்சீயில் 37.9. உப்பு யாரையும் கொல்லவில்லை, ஓதம் எட்டும் இடத்துத் தண்ணீர் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே.

முதல் ஏழு வாரக் கணக்கு: சவுத்வார்க் குழாய் போன 40,046 வீடுகளில் 1,263 சாவு, லாம்பெத் குழாய் போன 26,107 வீடுகளில் 98. காலராவுக்குக் கெட்ட காற்றுதான் காரணம் என்று அப்போது அதிகாரிகள் நம்பினார்கள். அப்படியென்றால் அது பக்கத்து வீட்டை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

ஆனாலும் அதிகாரிகள் காற்றை விடவில்லை. 1866-இல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோதுதான், முன்பு காற்றைச் சொன்ன புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஃபார் தண்ணீர்க் கம்பெனியைத் துருவினார். அங்கே சிலர் வீட்டுக் குழாயில் விலாங்கு மீனே வந்திருந்தது, வடிகட்டிய தண்ணீர் என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்த குழாயில். ஸ்னோ அதைப் பார்க்க இல்லை, 1858-லேயே இறந்துவிட்டார்.