குறைகடத்தி, நானோ, ஒளியுணரி

இந்த மூன்று சொற்களையும் அவை குறிக்கும் பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் கடத்தி. புதுச்சேரிக்காரரிடம் ‘கடத்தி’ என்றால் மின்சாரம் நினைவுக்கு வராது. கடலூர் எல்லைச் சோதனைச் சாவடியில் பிடிபட்ட மதுபாட்டில்கள்தான் வரும். நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கம் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. ஆனால் சொல் ஒன்றுதான். ‘கட’ என்றால் தான் கடப்பது, ‘கடத்து’ என்றால் இன்னொன்றைக் கடக்கச் செய்வது. மின்சாரத்தைத் தன் வழியே கடக்கச் செய்யும் பொருள் கடத்தி. ஆங்கிலத்தில் உள்ள ‘கண்டக்டர்’ இலத்தீன் வழி வந்தது. கூட்டிக்கொண்டு போகிறவர் என்று பொருள். அதே சொல்லுக்குப் பேருந்தில் நடத்துநர், இயற்பியலில் கடத்தி என்று தமிழில் வேறு வேறு பெயர் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு.

குறைகடத்தி என்பது ஆங்கிலத்தின் செமிகண்டக்டர். அதன் ‘செமி’தான் வம்பு. இலத்தீனில் அதற்குப் பாதி என்று பொருள். நன்றாகவும் கடத்தாமல், முற்றிலும் தடுக்கவும் செய்யாமல் நடுவில் நிற்கும் பொருள்களுக்கு வோல்டா 1782-லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். ஜெர்மானியர் 1911 வாக்கில் ‘ஹால்ப்லைட்டர்’ என்றார்கள். இந்தியில் ‘அர்தசாலக்’. எல்லாமே பாதிதான். தமிழில் மட்டும் ‘அரை’யை விட்டுவிட்டுக் ‘குறை’யை எடுத்தார்கள், அதுதான் கணக்குக்கு ஒத்துவருகிறது. தூய சிலிக்கானின் மின்தடைத்திறன் தாமிரத்தைவிடப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல். இதைப் பாதி என்று எப்படிச் சொல்வது?

சரி, குறைவாகக் கடத்துவதுதான் இதன் இலக்கணமா என்றால் அதுவும் இல்லை. கடத்தும் அளவை மாற்ற முடியும் என்பதே இலக்கணம். உலோகத்தைச் சூடாக்கினால் கடத்தும் திறன் குறையும். வெள்ளி சல்பைடைச் சூடாக்கினால் கூடுகிறது என்று 1833-ல் ஃபாரடே கண்டார். துளி அளவு வேற்றுப்பொருள் கலந்தாலும் மாறும், வெளிச்சம் பட்டாலும் மாறும். இதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்க முடியாது. அதனால் நிலைத்துவிட்ட குறைகடத்தியே போதும் என்பது என் கட்சி. ஒற்று மிகுத்துக் ‘குறைக்கடத்தி’ என்றும் அச்சில் பார்க்கலாம். படிக்கும்போது அது ‘குறைக்க’ என்று வாயில் வந்துவிடுகிறது, அதனால் ஒற்றில்லாததையே எழுதுகிறேன். எதை எழுதினாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

அடுத்தது நானோ. கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள். 1960-ல் பன்னாட்டு அளவு முறையில் இது நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டானது. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவற்றை நானோ பொருள் என்கிறார்கள். தமிழில் ‘நுண்’ என்று போட்டால் என்ன? அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று மைக்ரோவுக்கு அதைக் கொடுத்தாகிவிட்டது, மைக்ரோ நானோவைவிட ஆயிரம் மடங்கு பெரிது. ‘மீநுண்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் பிகோ, ஃபெம்டோ என்று இன்னும் கீழே இறங்கும்போது எத்தனை ‘மீ’ போடுவது? பாடப்புத்தகத்தில் நானோ, உரக்கடையில் நானோ யூரியா. பண்ருட்டி உழவருக்கும் தெரிந்த சொல்லை எதற்கு மாற்ற வேண்டும்?

ஒரு குறைகடத்தியை நானோ அளவுக்குச் சிறிதாக்குவதில் அப்படி என்ன வந்துவிடுகிறது? நிறமே மாறிவிடுகிறது. குறைகடத்தியில் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான் விடுபட்டு ஓட ஒரு குறிப்பிட்ட ஆற்றல் தேவை. அந்த ஆற்றலுக்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர், ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வது ‘பேண்ட் கேப்’. துகள் சில நானோமீட்டருக்குக் குறுகும்போது எலக்ட்ரானுக்கு இடம் போதாமல் அந்த இடைவெளி அகலமாகிறது, வெளிவரும் ஒளியும் நீலத்தின் பக்கம் நகர்கிறது. காட்மியம் செலினைடு 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாக ஒளிரும், 2 நானோமீட்டரில் நீலமாக. பொருள் அதேதான், அளவு மட்டுமே வேறு.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவரான அலெக்சி எகிமோவ் அப்போது சோவியத் நாட்டில் நிறக்கண்ணாடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். செப்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அதற்கேற்ப அது உறிஞ்சும் ஒளி மாறியது. உள்ளே வளர்ந்த படிகங்களின் அளவுதான் காரணம் என்று 1981-ல் எழுதினார். 1983-ல் அமெரிக்காவின் லூயிஸ் புருஸ் அதையே கரைசலில் மிதக்கும் காட்மியம் சல்பைடு துகள்களில் கண்டார். 1993-ல் மௌங்கி பாவெண்டியின் குழு விரும்பிய அளவில் சீரான துகள்கள் செய்யும் முறையைக் கொடுத்தது. மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழங்கால அரிக்கமேட்டு மணிக்காரர்கள் செம்பு சேர்த்துச் சிவப்புக் கண்ணாடி மணி உருக்கியபோதும் சூட்டையும் நேரத்தையும் வைத்துத்தான் நிறத்தைப் பிடித்திருப்பார்கள். அவர்களுக்கு நோபல் இல்லை, 1945-ல் தொல்லியலாளர் வீலர் வந்து தோண்டினார், அவ்வளவுதான்.

இந்தத் துகளுக்கு ‘குவாண்டம் டாட்’ என்று பெயர். குவாண்டம் புள்ளி, குவையப் புள்ளி இரண்டும் வழக்கில் உண்டு. முதலாவதே என் தேர்வு.

அப்புறம் இந்த நானோ துகள்களின் செய்முறை. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று நம் பக்கத்தில் ஆய்வு மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. இத்துறையில் இருப்பவரைக் கேட்டால் பேச்சு ‘ஆட்டோகிளேவ்’, ‘ஃபர்னஸ்’, ‘எக்ஸ்ஆர்டி பீக்’ (எக்ஸ்-கதிர் சோதனையில் எழும் முகடு) என்றுதான் வரும். துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். துத்தநாக அசிடேட்டைத் தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் வெள்ளையாக ஒன்று திரளும். பள்ளியில் படித்த ‘வீழ்படிவு’ இதுதான், தமிழ்க் கலைச்சொற்களில் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று. அந்தக் கலவையை டெஃப்லான் உறை போட்ட எஃகுக் கலனில், அதாவது ஆட்டோகிளேவில், இறுக மூடி 120 முதல் 180 டிகிரி வரை சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். பிரஷர் குக்கர் வேலைதான், விசில் மட்டும் கிடையாது. இது நீர்வெப்ப முறை. பிறகு கழுவி, உலர்த்தி, சூளையில் சுட்டெடுப்பார்கள். சூடு, நேரம், காரத்தின் அளவு இவற்றைப் பொறுத்துத் துகள், கம்பி, பூ என்று வடிவம் மாறும்.

இனி ஒளியுணரி, அதாவது ஒளி பட்டால் அதை மின்சாரத்தின் மாற்றமாகக் காட்டும் கருவி. ‘போட்டோடிடெக்டர்’ என்றால் நம் ஊரில் பாதிப் பேர் படத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று நினைப்பார்கள். போட்டோ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒளி என்றுதான் பொருள், படம் பிறகு வந்தது. ‘டிடெக்ட்’ இலத்தீனில் மூடியதைத் திறப்பது. ‘ஒளிகாணி’ என்று சுருக்கமாகப் பெயர் வைத்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விற்பதுபோல் ஆகிவிடும். ‘உணரி’ பொருத்தம். கடத்துவது கடத்தி, உணர்வது உணரி. ஒரே அச்சில் வார்த்த சொற்கள்.

கருவியின் வரலாறு கடலுக்கடியில் தொடங்குகிறது. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலினியம் துண்டுகளை வைத்திருந்த வில்லோபி சுமித், வெளிச்சம் பட்டால் அவற்றின் மின்தடை குறைவதை 1873-ல் அறிவித்தார். நம் ஜகதீச சந்திர போஸ் கலேனா என்ற ஈயத் தாதுவைக் கொண்டு செய்த உணரிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கலேனா என்பது ஈய சல்பைடு, வடக்கே சுர்மா என்று கண்ணுக்கு இட்ட மையில் அரைத்துச் சேர்த்த அதே கல். இன்று அகச்சிவப்பு உணரிகளுக்காக நானோ துகளாகச் செய்வதும் இதே ஈய சல்பைடுதான்.

எந்தப் பொருளை எடுப்பது என்பதை ஆற்றல் இடைவெளி தீர்மானிக்கிறது. 1240-ஐ அந்த இடைவெளியால், எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகின் கணக்கில், வகுத்தால் எந்த அலைநீளம் வரை அது உணரும் என்று நானோமீட்டரில் வந்துவிடும். காட்மியம் சல்பைடுக்கு 2.4, அதாவது ஏறக்குறைய 517, பச்சை ஒளி. மாலையில் தானே எரியும் விளக்குகளில் உள்ள ‘எல்டிஆர்’, அதாவது வெளிச்சத்துக்கேற்ப மாறும் மின்தடை, பெரும்பாலும் இதுதான். துத்தநாக ஆக்சைடுக்குச் சுமார் 3.3, விடை ஏறக்குறைய 376. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதற்குப் பொருட்டில்லை, புற ஊதாவை மட்டும் உணரும்.

துத்தநாக ஆக்சைடிடம் ஒரு சங்கடம் உண்டு. அதன் மேற்பரப்பில் ஒட்டும் ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. புற ஊதா பட்டதும் ஆக்சிஜன் கழன்று எலக்ட்ரான் விடுதலையாகிறது, மின்னோட்டம் ஏறுகிறது. விளக்கை அணைத்த பிறகு ஆக்சிஜன் மெல்லத்தான் திரும்பி ஒட்டும், மின்னோட்டமும் மெல்லத்தான் இறங்கும். நானோ துகளில் மேற்பரப்பே அதிகம் என்பதால் உணர்திறன் கூடுகிறது, இந்த இழுவையும் கூடவே வருகிறது. காற்றின் ஈரமும் அளவை மாற்றும் என்பதால் நம் கடற்கரைப் பக்கம் அளக்கும்போது ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு சொல். வேதிமுறையில் பொருளை உருவாக்குவதைக் குறிக்கும் ‘சிந்தசிஸ்’ என்பதற்குப் பலரும் ‘தொகுப்பு’ என்று எழுதுகிறார்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் ‘குறைகடத்தி நானோ பொருள்களின் தொகுப்பு’ என்று தலைப்பில் கண்டால் யாரோ அவற்றைச் சேர்த்து அலமாரியில் வைத்திருப்பதாகத் தோன்றும். ‘தொகுத்தல்’ என்றால் கொஞ்சம் தேவலை. ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்துக்கு நான் சொல்வது ‘தயாரித்தல்’: ‘ஒளியுணரிகளுக்கான குறைகடத்தி நானோ பொருள்களைத் தயாரித்தல்’.