கல் பழகுகிறது

போன பங்குனித் திருவிழாவில், தேரடிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் போட்டிருந்த இரும்புக் கடையில் ஒரு தோசைக்கல் வாங்கினேன். வார்ப்பிரும்பு, 3 கிலோ எடை, 600 ரூபாய். வீட்டில் இருந்த நான்ஸ்டிக் கல்லின் பூச்சு நடுவில் உரிந்துபோயிருந்தது. வேறொன்று வாங்கும்வரை இதை வைத்துச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்த 'வேறொன்றை' இன்றுவரை வாங்கவில்லை.

ஆனால் முதல் நாள் அழாத குறைதான். ஊற்றிய மாவு கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொண்டது. கரண்டியை வைத்துச் சுரண்டித்தான் எடுத்தேன். அம்மாவுக்குப் போன் செய்தபோது, "புதுக் கல்லு அப்படித்தான் இருக்கும், பழக்கணும்" என்றார். அப்படிப் பழக்குவதில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று தேடிப் படித்தபோது அசந்துபோனேன்.

முதலில், மாவு ஏன் ஒட்டுகிறது? புது வார்ப்பிரும்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும். மணல் அச்சில் உருக்கி ஊற்றிய இரும்பு அப்படித்தான் இருக்கும். அந்தச் சின்னச் சின்னக் குழிகளில் மாவு இறங்கி, சூட்டில் அங்கேயே இறுகிவிடுகிறது. போதாததற்கு, உளுந்தில் உள்ள புரதம் சூடு பட்டதும் சுருள் பிரிந்து, வெறும் இரும்போடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. அதாவது இரண்டு பிடிமானம். எண்ணெய் ஊற்றினால் ஓரளவு தடுக்கும். ஆனால் எண்ணெய் திரவம் என்பதால், கனமான மாவு விழும் இடத்தில் விலகிவிடும்.

அந்த எண்ணெயையே விலகாத திடப்பொருளாக மாற்றிவிட்டால்? பழக்குவது என்பது அதுதான்.

உங்கள் சமையலறையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. நல்லெண்ணெய் பாட்டிலின் வெளிப்பக்கம் வழிந்த எண்ணெய், சில வாரங்களில் பிசுபிசுப்பாகிவிடும். இன்னும் சில மாதம் விட்டால் மஞ்சள் நிற மெழுகுபோல இறுகி, சோப்புக்கும் அசையாது. அந்த எண்ணெய் காய்ந்து ஆவியாகிவிடவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு வேறு பொருளாகிவிட்டது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் நீளச் சங்கிலி வடிவம் கொண்டவை. சிலவற்றில் கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். ஆக்சிஜன் அந்த இடங்களுக்குப் பக்கத்தில்தான் தாக்குகிறது. அங்கே ஒரு கை விடுபடும். விடுபட்ட கை பக்கத்துச் சங்கிலியைப் பிடிக்கும். அது அடுத்ததைப் பிடிக்கும். கடைசியில் தனித்தனிச் சங்கிலிகள் எல்லாம் பின்னி, ஒரே வலையாகிவிடுகின்றன. இது பாலிமர். எண்ணெய் ஓவியம் கித்தானில் இறுகுவதும் இதே வேதியியல்தான். அங்கே ஆளிவிதை எண்ணெய், நேரம் நாள்கணக்கு. அடுப்பில் சூடு அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. இரும்பே வினையூக்கியாக நின்று அதை இன்னும் வேகப்படுத்துகிறது.

இது தெரிந்த பிறகு, அம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் பிடிபட்டது. கல்லை 3 நாள் அரிசி கழுவிய நீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவச் சொன்னார். துருப் பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த எண்ணெயும் கரியும் போய், இரும்பு வெளிப்பட வேண்டும். அப்புறம் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயைத் தடவி, "தடவினதே தெரியாத மாதிரி துணியால துடைச்சிடு" என்றார். இதுதான் முக்கியம். கெட்டியாகப் பூசினால் மேல்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே ஆக்சிஜன் போகாமல் பிசின்போல் நின்றுவிடும். மெல்லிய பூச்சு, லேசாகப் புகை வரும்வரை சூடு, ஆறவிட்டு மறுபடி பூச்சு. நான் 5 முறை செய்தேன். சாம்பல் நிறமாக இருந்த கல், முதலில் பழுப்பாகி, அப்புறம் கறுத்து, கடைசியில் வெளிச்சத்தில் மினுங்கியது.

எண்ணெயிலும் வித்தியாசம் உண்டு. நல்லெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரட்டைப் பிணைப்பு உள்ள அமிலங்கள்தான். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பே இல்லாதவை. பிடித்துக்கொள்ள அங்கே கை இல்லை. சமையலுக்கு அருமையான எண்ணெய்தான், கல் பழக்க ஆகாது.

நான்ஸ்டிக்கில் இருப்பதும் ஒரு பாலிமர்தான். 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது டெஃப்லான். அது அற்புதமான பொருள், வழுக்குவதில் நம் கல்லைவிட ஒரு படி மேல். ஆனால் உரிந்தால் உரிந்ததுதான், வீட்டில் ஒட்டவைக்க வழியில்லை. சுமார் 260 டிகிரிக்கு மேல் சூடாக்கவும் கூடாது.

சரி, ஒட்டாமல் இருப்பது ஒரு பாதி. நான் எதிர்பார்க்காத இன்னொரு பாதி, முறுகல். கல் பழகி ஒரு வாரத்தில், நாலாவது தோசையும் முதல் தோசை மாதிரியே பொன்னிறமாக வந்தது. பழைய கல்லில் நாலாவது எப்போதும் வெளுத்துப்போகும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 80 கிராம் மாவை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 18,000 ஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். மொத்தத்தையும் கல்லே கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோ வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1,380 ஜூல் சேர்த்துவைத்திருக்கும். எனவே அதன் சூடு 13 டிகிரி இறங்கும். 600 கிராம் அலுமினியக் கல்லில் டிகிரிக்கு 540 ஜூல்தான். சூடு 30 டிகிரிக்கு மேல் விழுந்துவிடும். முறுகலின் நிறமும் மணமும் வருவது, லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் விவரித்த வினையால். புரதமும் சர்க்கரையும் சேரும் அந்த வினை, 140 டிகிரியைத் தாண்டினால்தான் வேகமெடுக்கும். கல்லின் சூடு விழுந்தால் மாவு வேகும், சிவக்காது.

ஒன்றை மட்டும் தவறாக நினைக்கிறார்கள். இரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்பார்கள். அது உண்மை இல்லை. அலுமினியம் இரும்பைவிட நாலு மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். இரும்பில் நடு கொதிக்கும்போது ஓரம் சும்மா இருக்கும். அதனால்தான் சின்ன தீயில் 7, 8 நிமிடம் காயவிட வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நடுவில் கருகி ஓரத்தில் ஒட்டும்.

காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோம் அல்லவா? துளி 'சுர்' என்று சத்தமிட்டு மறைந்தால் பதம். முத்துப்போல உருண்டு ஓடினால், கல் ஏறக்குறைய 200 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம். துளியின் அடிப்பக்கம் நொடியில் ஆவியாகி, அந்த ஆவி மெத்தைமேல் துளி மிதக்கிறது. 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் தொட்ட கணமே அடி இறுகி, பரப்பும்போது கரண்டியோடு கிளம்பி வந்துவிடும். ஒரு கை தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போதும்: 5 கிராம் தண்ணீர் ஆவியாக 11,000 ஜூலுக்கு மேல் எடுத்துக்கொண்டு போகும். அப்புறம் எண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் ஒரு தேய். ஒவ்வொரு தோசைக்கும் மெல்லிய பூச்சு ஒன்று புதிதாக விழுகிறது. சமைக்கச் சமைக்கக் கல் தன்னைத்தானே பூசிக்கொள்கிறது.

இந்தக் கல்லில் புளிப்பானதை நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது. போன மாதம் அவசரத்துக்குத் தக்காளித் தொக்கை இதில் வதக்கிவிட்டேன். அமிலம் அரித்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் திட்டு தெரிந்தது, தொக்கிலும் இரும்பு வாசனை. அன்று இரவு கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவித் துடைத்து, இரண்டு முறை சுட்டுவைத்தேன். மறுநாள் முதல் தோசை அந்தத் திட்டில் கொஞ்சம் பிடித்தது. நாலாம் நாள் காலையில் திட்டு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.