காட்டன்வுட்: மேற்கு வெயிலுக்கு ஒரு போத்து

அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா, வயோமிங் மூன்றுக்கும் மாநில மரம் ஒன்றுதான்: காட்டன்வுட். பேரில் பஞ்சு இருந்தாலும் இலவ மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது வில்லோ குடும்பம். இலையைப் பார்த்தால் நமக்கு அரசிலைதான் நினைவுக்கு வரும். காம்பை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. பக்கவாட்டில் நாடாபோலத் தட்டையாக இருக்கும். அதனால்தான் இலேசான காற்றுக்கும் இலைகள் படபடத்து, தூறல் விழுவதுபோல ஒலிக்கின்றன.

இது ஆற்றங்கரை மரம். வெள்ளம் வடிந்த ஈர வண்டலில் முளைத்து, மற்றச் செடிகள் மூடுவதற்குள் உயர்ந்துவிட வேண்டும். அந்த அவசரமே நமக்கு நிழலாகிறது: நல்ல ஈரமண்ணில் ஆண்டுக்கு 1.5 முதல் 2 மீட்டர் வளரும்.

எங்கே நடுவது? கான்சாஸ்–நெப்ராஸ்கா எல்லை 40 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஜூன் 21 அன்று சூரிய நேரம் (சூரியன் உச்சிக்கு வருவதை 12 மணியாக வைக்கும் கணக்கு) மாலை 4 மணிக்கு வெயில் நேர் மேற்கிலிருந்து, சுமார் 37 பாகை உயரத்தில் அடிக்கும். 15 மீட்டர் உயர மரத்தின் நிழல் அப்போது சுமார் 20 மீட்டர் நீளும். வீட்டுக்கு மேற்கே 15 மீட்டர் தள்ளி அந்த மரம் நின்றால், சுவரில் சுமார் 3.5 மீட்டர் உயரம்வரை நிழல் ஏறும். எட்டு, பத்து ஆண்டில் கிடைக்கும் பலன் இது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலுக்கு வழி விடும்.

15 மீட்டருக்குக் குறைத்து நடவே கூடாது. வேர்கள் மேலாகவே அகலப் பரவி, கழிவுநீர்க் குழாயின் விரிசல்களுக்குள் நுழையும், நடைபாதையைத் தூக்கும்.

விதை போட வேண்டாம், போத்தே (வெட்டி நடும் கிளைத்துண்டு) போதும். குளிர்கால இறுதியில், மொட்டு விரியுமுன், ஓராண்டுக் கிளையில் விரல் பருமனில் 50 செ.மீ. நீளம் வெட்டுங்கள். மொட்டுகள் மேல்நோக்கி இருக்க, ஒன்றிரண்டு மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் இறக்குங்கள். சுற்றி ஒரு மீட்டருக்குப் புல் இருக்கக் கூடாது. இளங்கன்று புல்லோடு போட்டியிட்டால் தோற்றுவிடும்.

எந்த மரத்தில் வெட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மே, ஜூனில் பஞ்சைப் பறக்கவிடுவது பெண் மரம். போத்து தாய் மரத்தின் நகல் என்பதால் ஆண் மரத்தில் வெட்டினால் பஞ்சுத் தொல்லை இல்லை. 'சூலேண்ட்' என்ற ரகம் அப்படிப்பட்ட ஆண் மரம்தான். ஆனால் வசந்தத்தில் மகரந்தம் கொட்டும்.

வேகமாக வளர்ந்த கட்டை மென்மையானது, புயலில் முறியும். இரண்டு தண்டுகள் குறுகிய கவையாகப் பிரிந்தால் இடையில் பட்டை சிக்கி, இணைப்பே உருவாகாது. பெருத்தபின் பிளந்து விழும். ஆகவே முதல் ஐந்தாண்டுகளில் போட்டித் தண்டை நீக்கி ஒற்றைத் தண்டாகக் கவாத்து செய்வதுதான் இந்த மரத்துக்கு நாம் செய்யும் மிகப் பெரிய உதவி.

தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனையுங்கள். வறட்சியில் வாடிய மரத்தைத்தான் சைட்டோஸ்போரா பூஞ்சை பிடிக்கும்: பட்டை நிறம் மாறிக் குழிந்து, கிளை நுனியிலிருந்து காயும். மருந்து தெளித்துப் பயனில்லை. காய்ந்த கிளையை நல்ல கட்டைவரை வெட்டிவிட்டு, வேருக்குத் தண்ணீர் விட வேண்டும்.