மேலிடத்துச் சொல்லும் கூடங்குளத்து நம்பிக்கையும்

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராகக் கடற்கரை மக்கள் போராடிக்கொண்டிருந்த 2012 பிப்ரவரியில், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ‘சயின்ஸ்’ என்ற அறிவியல் இதழுக்குப் பேட்டி கொடுத்தார். அணுமின் திட்டம் தடைபடுவதற்குத் தொண்டு நிறுவனங்களே காரணம், அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன் என்றார். சான்று எதையும் அவர் எடுத்து வைக்கவில்லை. இப்படி ஒரு பேச்சு வள்ளியூர் டீக்கடைக்கு வந்து சேரும்போது ‘நினைக்கிறேன்’ உதிர்ந்துவிடும். “பிரதமரே சொல்லிட்டாரு அண்ணாச்சி, சும்மாவா சொல்வாரு?” என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது லேசில்லை.

அந்த நாட்களில், கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையில், லூர்து மாதா கோயில் முன்னால் போட்ட பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தட்டு, தட்டில் பீடி இலையும் தூளும். போராட்டமும் நடந்தது, அன்றைய கூலிக்கான பீடியும் சுற்றியாயிற்று. சில தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டுப் பணக் கணக்கை அரசு விசாரித்தது உண்மை. ஆனால் கணக்கில் தவறு உண்டா என்பது ஒரு கேள்வி, ஒரு கடற்கரையே திரண்டதற்குப் பணம்தான் காரணமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விசாரணை நடந்ததாலேயே இரண்டாவது நிரூபணம் ஆகிவிடாது. மேலிடத்திலிருந்து வரும் சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது? எல்லாவற்றையும் நாமே சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் சொன்னது யார் என்று பார்த்து முடிவு செய்கிறோம். பிரதமருக்கு நமக்குத் தெரியாத கோப்புகள் தெரியும் என்ற எண்ணம் நியாயமானதுதான், அந்த நியாயமே இங்கே வழுக்கிவிடுகிறது. அடுத்தது, திரும்பத் திரும்பக் கேட்பது. 1977-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ மூவரும் சில வாக்கியங்களை இரண்டு வார இடைவெளி விட்டு மறுபடி மறுபடி காட்டினார்கள். உண்மையோ பொய்யோ, ஏற்கெனவே கேட்ட வாக்கியம்தான் ஆட்களுக்கு அதிகம் உண்மையாகப் பட்டது. தலைவர் ஒரு முறை சொன்னால் போதும், மிச்ச முறைகளைச் செய்தி சேனல்கள் பார்த்துக்கொள்ளும்.

சரி, மறுத்துச் சொன்னால் தீர்ந்துவிடாதா? இங்கேதான் விஷயம் கடினமாகிறது. 1994-ல் ஜான்சன், சீஃபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைப் பலரைப் படிக்க வைத்தார்கள். உள்ளறையில் ஆயில் பெயின்ட்டும் கேஸ் சிலிண்டரும் இருந்ததாக முதலில் ஒரு தகவல். அப்புறம், அது தவறு, அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம். திருத்தத்தைப் படித்தவர்கள் அதை நினைவிலும் வைத்திருந்தார்கள். ஆனாலும் புகை ஏன் அவ்வளவு கருப்பாக இருந்தது என்று கேட்டால் பெயின்ட்டுக்கே திரும்பிப் போனார்கள். கதையில் காரணம் இருந்த இடம் வெற்றிடமாகிவிட்டது, மனம் அதைப் பழைய காரணத்தாலேயே நிரப்பிக்கொண்டது. யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான பொருட்கள் கிடைத்தன என்று வேறு காரணம் கொடுத்தபோதுதான் பெயின்ட்டின் பிடி தளர்ந்தது.

ஆகவே ‘வெளிநாட்டுப் பணம் இல்லை’ என்று மட்டும் சொல்வது போதாது. பிறகு ஏன் திரண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு இடிந்தகரையின் சுனாமி காலனிக்குப் போனால் போதும். 2004-ல் கடல் ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்குள் சுனாமி நுழைந்ததையும் அவர்கள் டிவியில் பார்த்தார்கள். பயத்துக்கு வெளியூர்க் காரணம் தேவைப்படவில்லை.

சேதம் நம்பியவர்களோடு நிற்பதில்லை. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்குப் பின் டிரம்பும் அவர் கட்சித் தலைவர்கள் சிலரும் வாக்கு மோசடி என்று ஆதாரமின்றிப் போட்ட ட்வீட்டுகளை ஆய்வாளர்கள் 4,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ட்வீட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தேர்தல் மீதிருந்த நம்பிக்கை குறைந்தது, டிரம்ப் ஆதரவாளர்களிடம் அதிகமாகவே. கூடவே உண்மை சரிபார்ப்பைக் கொடுத்தும் அந்தச் சரிவு சொல்லும்படியாக மீளவில்லை. ஜனநாயகத்தின் மீதான பற்று மட்டும் அசையவில்லை என்பது ஆறுதல்.

இடிந்தகரையிலோ பாதிப்பு எதிர்த்திசையில் வரும். தன்மேல் சாற்றப்பட்டது பொய் என்று அறிந்தவர், சாற்றியவர் அடுத்துச் சொல்லும் உண்மையையும் சந்தேகத்தோடுதான் கேட்பார். 2011 டிசம்பரில் மாஸ்கோ பயணத்தின்போது, இரண்டொரு வாரத்தில் முதல் உலை இயங்கும் என்றார் பிரதமர். அந்த உலையில் அணுப்பிளவின் தொடர்வினை தொடங்கியதே 2013 ஜூலையில்தான். நம்பிக்கை கட்டுவதற்கு நாளாகும், உடைவதற்கு ஆகாது என்று 1993-ல் அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் விளக்கினார். நல்ல சேதி கண்ணில் படாது, கெட்ட சேதி பளிச்சென்று தெரியும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. உவரிப் பக்கம் ஒரு கிணற்றில் உப்பு ஏறிவிட்டால் ஒரு மழையில் அது மாறிவிடுமா?

2019 அக்டோபர் 29-ல் கூடங்குளம் நிலையம், சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அறிக்கை விட்டது. மறுநாளே, அந்த நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் மால்வேர் என்ற கெடுதல் மென்பொருள் இருந்ததை ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனி, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றது. அந்த விளக்கம் சரியானதாகவே இருக்கலாம். ஆனால் முந்தின நாள் அறிக்கையைப் படித்தவர் அதை எப்படிக் கேட்டிருப்பார்?

எனக்குக் கவலை தருவது இதுதான். கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் 2 உலைகள் ஓடுகின்றன, மேலும் 4 எழும்புகின்றன. ஏதாவது நேர்ந்தால் வீட்டுக்குள் இருங்கள், அயோடின் மாத்திரை போடுங்கள், இந்த வழியாக மட்டும் வெளியேறுங்கள் என்று மைக்கில் அறிவிப்பு வரும். ராதாபுரம் வட்டாரத்து மக்கள் அந்த அறிவிப்பைக் கேட்டு நடப்பார்களா என்பது, இத்தனை வருடமாக அந்த மைக்கிலிருந்தும் டெல்லியிலிருந்தும் அவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது.