பார் மிட்ஸ்வா: கட்டளையின் மகனா, கட்டளைக்கு உரியவனா?

யூதச் சிறுவனுக்கு 13 வயது நிறையும்போது நடக்கும் விழா என்றுதான் பார் மிட்ஸ்வாவை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். ஹாலிவுட் படங்களின் உபயம். ஆனால் இது முதலில் ஆளைக் குறித்த சொல், விழாவுக்கு ஆகிவந்தது பிறகுதான். 13 நிறைந்த அந்தப் பையனே பார் மிட்ஸ்வா.

இரண்டு மொழிகள் கலந்த தொடர் இது. 'மிட்ஸ்வா' எபிரேயம், இறைவன் இட்ட கட்டளை என்று பொருள். 'பார்' அரமேயம், மகன். புதிய ஏற்பாடு படித்தவர்களுக்கு இந்தப் 'பார்' பழக்கம்தான். பர்திமேயு என்றால் திமேயுவின் மகன். பரபாஸ், பர்த்தொலொமேயு என்ற பெயர்களின் தொடக்கத்திலும் இருப்பது இதுவே.

சரி, 'கட்டளையின் மகன்' என்று பெயர்த்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சறுக்கும். இந்த மொழிகளில் ஒன்றுக்கு உரியவனை, ஒன்றுக்கு உட்பட்டவனை அதன் 'மகன்' என்பது வழக்கம். வயதைச் சொல்வதே 'பதின்மூன்று ஆண்டுகளின் மகன்' என்றுதான். சாமுவேலின் இரண்டாம் நூலில் தாவீது அரசர் ஒருவனைக் கடிந்து 'சாவின் மகன்' என்கிறார். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடம் 'மரணத்திற்குப் பாத்திரன்' என்று வரும். மகனை அப்படியே கொண்டுவராமல் கருத்தைப் பிடித்திருக்கிறார்கள். நாமும் அதே வழியில் போனால் பார் மிட்ஸ்வா என்பவன் 'கட்டளைக்குரியவன்'. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முதில் இத்தொடர் வருவதும் சமயச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற பொருளில்தான். விழாப் பேச்சே அங்கு இல்லை. கட்டளைகளுக்கு வயது 13 என்பது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'முன்னோர் மொழிகள்' பகுதியில் உள்ள வரையறை.

'கற்பனைக்குரியவன்' என்றும் ஆக்கலாம். பழைய கிறித்தவத் தமிழில் கட்டளைக்குக் கற்பனை என்றே பெயர். இன்றைய காதுக்கு அது வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

விழாவுக்குக் 'கட்டளையேற்பு விழா' என்பது என் தேர்வு. பையன் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் பொறுப்பு வந்து சேர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்! யூதச் சட்டப்படி விழாவே நடக்காவிட்டாலும் வயது நிறைந்ததும் அவன் பார் மிட்ஸ்வாதான். அதனால்தான் 'யூதர்களின் பூணூல் கல்யாணம்' என்று சொல்வது பொருந்தாது. அங்கே சடங்குதான் தகுதியைத் தருகிறது. இங்கே தருவது வயது.

அந்த வயதிலிருந்து நோன்பும் தொழுகையும் அவன் கடமை. கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் அவனையும் எண்ணலாம். வார நாள் காலைத் தொழுகையில் தெஃபிலின் எனும் தோல் பேழைகளைக் கையிலும் தலையிலும் கட்டிக்கொள்வான். தொழுகைக்கூடத்தில் யூத வேதமான தோராவின் சுருளை வாசிக்க முதன்முறையாக அழைக்கப்படுவதுதான் விழாவின் மையம். அப்போது தந்தை சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு: 'இவனுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுக.' இனி மகன் செய்யும் தவறு மகன் கணக்கில். வாழ்த்து மாதிரியா இருக்கிறது? ஆனால் சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. விருந்தும் கொண்டாட்டமும் இடைக்காலத்தின் பிற்பகுதியில், ஐரோப்பிய யூதர்களிடையே வளர்ந்தவை.

பெண்ணுக்கு மரபுப்படி வயது 12. சொல் 'பாட் மிட்ஸ்வா', தமிழில் கட்டளைக்குரியவள். 'பாட்' எபிரேயச் சொல் என்பதால் இத்தொடரில் மொழிக்கலப்பு இல்லை. விழா மட்டும் தாமதமாகத்தான் வந்தது. 1922 மார்ச்சில் நியூயார்க்கில் யூத மதகுரு (ரபி) மொர்தெகாய் கப்லான் தன் மகள் ஜூடித்துக்கு நடத்தியதே அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வாவாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அன்று ஜூடித் வாசித்தது தோரா சுருளிலிருந்து அல்ல, அச்சிட்ட நூலிலிருந்து.